சாணை பிடிக்க ஒரு சாய்வு மேசையும் ஒரு கோலெட் பிளாக்கும்

வீட்டுப் பட்டறையில் சாணை ஃபிக்சர் (டூலைச் சாணைச் சக்கரத்துக்கு நேராகப் பிடித்து நிறுத்தும் சாதனம்) செய்ய இறங்குபவர்கள் முதலில் கவலைப்படுவது கோணத்தைப் பற்றித்தான். அட்டவணையில் கிளியரன்ஸ் (வெட்டு விளிம்புக்குக் கீழே டூல் உரசாமல் விலகி நிற்கும் கோணம்) 7 டிகிரி என்று போட்டிருக்கிறது, நம்முடையது 8 ஆகிவிட்டால்? ஒன்றும் ஆகாது. லேத் டூல் 6 டிகிரியிலும் வெட்டும், 10 டிகிரியிலும் வெட்டும். டிரில்லின் முனைக்கோணம் 118க்குப் பதில் 120 ஆகிவிட்டால் துளையைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதே டிரில்லில் ஒரு லிப் (முனையின் வெட்டு விளிம்பு) மற்றதைவிட 0.1 மி.மீ. முன்னால் நின்றால் துளை அகன்றுவிடும். நாலு பல் எண்ட் மில்லில் (முனையாலும் பக்கத்தாலும் வெட்டும் மில்லிங் கட்டர்) ஒரு பல் மட்டும் 0.05 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் அடித்தளத்தை அந்த ஒரு பல்தான் சீவும், மழுங்குவதும் அதுதான்.

ஆகவே ஃபிக்சரிடம் நாம் கேட்க வேண்டியது, இரண்டாவது பல்லையும் முதல் பல் நின்ற அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதை. ஆட்டமில்லாத மூட்டு, நகராத ஸ்டாப்பர், கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும் ஸ்க்ரூ ஆகிய மூன்றிலும் உழைப்பைப் போடுங்கள். டிகிரி கீறிய அழகான வட்டத் தகடு இல்லாமலே வேலை நடக்கும்.

எதையும் செய்வதற்கு முன், எந்த ஃபிக்சரும் இல்லாமலே கிளியரன்ஸ் கிடைக்கும் வழி ஒன்று உண்டு. சாதாரண பெஞ்ச் கிரைண்டரின் நேர் வீலில், டூலைக் கிடைமட்டமாக வைத்து, வெட்டு விளிம்பை வீல் மையத்துக்கு மேலே வைத்தால் வீலின் வளைவே கிளியரன்ஸைத் தந்துவிடும். எவ்வளவு மேலே என்பது வீலின் ஆரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் வரும். 150 மி.மீ. வீலுக்கு 5 டிகிரி வேண்டுமானால் 6.5 மி.மீ., 8 டிகிரிக்கு 10.4 மி.மீ., 10 டிகிரிக்கு 13 மி.மீ. இந்த உயரத்தில் ஒரு தட்டையான ரெஸ்ட்டைப் போட்டு போல்ட் அடித்துவிட்டால் போதும். வீல் தேய்ந்து 130 மி.மீ. ஆனபிறகு அதே 13 மி.மீ. உயரம் 11.5 டிகிரி கொடுக்கும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு அதுவும் பரவாயில்லை. மையத்துக்குக் கீழே போனால் மட்டும் கிளியரன்ஸ் எதிர்மறையாகி, டூல் வெட்டாமல் உரசும்.

இப்படிப் பிடித்த முகம் சற்றுக் குழிந்திருக்கும். 10 மி.மீ. கனமுள்ள பிட்டில் 150 மி.மீ. வீல் தரும் குழிவு 0.17 மி.மீ. அளவு. லேத் டூலுக்கு இது குறையே அல்ல. எண்ணெய்க் கல்லில் தீட்டும்போது விளிம்பும் அடியும் மட்டும் கல்லில் உட்காரும், இரண்டு தேய்ப்பில் கூர் வந்துவிடும். டிரில்லுக்கும் எண்ட் மில்லுக்கும் தட்டையான முகம் வேண்டும், இடப்பக்கம் வலப்பக்கம் நகர்த்தவும் வேண்டும். அதற்குக் கப் வீலும் (கிண்ண வடிவச் சாணைச் சக்கரம்) சாய்வு மேசையும் தேவை.

நேர் வீலின் பக்கவாட்டில் அழுத்திச் சாணை பிடிப்பது கூடாது, அது அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டதல்ல. பக்கமுகத்தில் வேலை செய்யவென்றே வருவது கப் வீல். அதைக் கிரைண்டரின் வலது முனையில், முகம் வெளிப்பார்த்தபடி மாட்டுங்கள். நட் கப்பின் குழிக்குள் அடங்க வேண்டும். துளை ஷாஃப்ட்டைவிடப் பெரிதாக இருந்தால் லேத்தில் ஒரு புஷ் கடைந்து போடுங்கள். காகிதம் சுற்றி ஒப்பேற்றும் இடம் இதுவல்ல. எச்எஸ்எஸ்ஸுக்கு அலுமினியம் ஆக்சைடு அல்லது சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு), கார்பைடுக்கு வைரம். வைர வீலில் எச்எஸ்எஸ்ஸை அழுத்தித் தேய்த்தால் அந்தச் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்பில் கரைந்து வீல் சீக்கிரம் வீணாகும். லேசாக, சூடேறாமல் தொட்டால் வீட்டு வேலைக்குத் தாங்கும். வீலில் எழுதியிருக்கும் அதிகபட்ச சுழற்சி உங்கள் மோட்டாரின் சுழற்சியைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று மாட்டும் முன்பே பாருங்கள்.

கிரைண்டரின் வலது முனையில் நின்று முகத்தைப் பார்த்தால், வீலின் இடது பாதி கீழ்நோக்கி ஓடும், வலது பாதி மேல்நோக்கி ஓடும். வேலை எப்போதும் இடது பாதியில்தான். அங்கே வீல் டூலை மேசையோடு அழுத்தும், வெட்டு விளிம்பிலிருந்து உடலை நோக்கி ஓடுவதால் பிசிறும் குறைவு. வலது பாதியில் டூல் தூக்கி எறியப்படும்.

இனி மேசை. முதல் விதி, கிரைண்டரும் மேசையும் ஒரே அடித்தகட்டில் இருக்க வேண்டும். ரப்பர் கால்களில் நிற்கும் கிரைண்டர் தன்போக்கில் அதிர, பெஞ்சில் அடித்த மேசை அசையாமல் நின்றால், அந்த வித்தியாசம் முழுக்கச் சாணை முகத்தில் அலையலையாகப் பதியும். ரப்பரைக் கழற்றிவிட்டு 12 மி.மீ. மைல்ட் ஸ்டீல் பிளேட்டில் இரண்டையும் போல்ட் செய்யுங்கள். ரப்பர் வேண்டுமென்றால் அந்தப் பிளேட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

பிளேட்டில் 25 மி.மீ. விட்டத் தூண். அதில் ஏறி இறங்கும் ஒரு பிளாக், 50 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். பிளாக்கிலிருந்து கிடைமட்டமாக 16 மி.மீ. ஷாஃப்ட், அதில் மேசை சாயும். மேசை 10 மி.மீ. கனத்தில் 120க்கு 100.

சாயும் அச்சு எங்கே இருக்கிறது என்பதில்தான் பெரும்பாலான வீட்டு வடிவமைப்புகள் சறுக்குகின்றன. மேசையின் நடுவில், 40 மி.மீ. கீழே அச்சை வைத்தால், சாய்வை மாற்றும் ஒவ்வொரு முறையும் மேசை விளிம்பு வீலை நோக்கியோ விலகியோ ஓடும். வீலின் பக்கத்து விளிம்புக்கு நேர் கீழே, மேற்பரப்புக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். அப்போது 10 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குப் போனாலும் இடைவெளி பெரிதாக மாறாது. மேசைக்கும் வீலுக்கும் இடைவெளி 2 மி.மீ. போதும், 3ஐத் தாண்டக் கூடாது. சாய்வின் திசையிலும் குழப்பம் வரும்: நம் பக்கம் தாழ வேண்டும், வீல் பக்கம் உயர வேண்டும். டூல் சற்று மேல்நோக்கிப் பார்த்தால்தான் மேல் விளிம்புக்குக் கீழே கிளியரன்ஸ் விழும்.

பிளாக்கைத் தூணில் இறுக்க வாளால் பிளந்து ஸ்க்ரூ போடுவது எளிய வழி. ஆனால் இறுக்கும்போது பிளாக் ஒரு முடியளவு திரும்பும், வைத்த அளவு போய்விடும். இரட்டைக் காட்டர் இதைவிட எவ்வளவோ மேல். தூண் துளையின் மையத்திலிருந்து 16 மி.மீ. தள்ளி, அதற்குக் குறுக்காக 12 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். அதில் 12 மி.மீ. ராடு ஒன்றை, நடுவே 6.5 மி.மீ. துளையிட்டு, எம்6 போல்ட்டால் அசையாமல் பிடித்துவைத்து, அதன் பிறகு 25 மி.மீ. துளையைப் போரிங் செய்யுங்கள். போரிங் டூல் ராடின் பக்கத்தையும் 2.5 மி.மீ. ஆழம் சீவிக்கொண்டு போகும். ராடை வெளியே எடுத்து நடுவில் வெட்டி 2 மி.மீ. குறைத்தால் இரண்டு துண்டுகளும் தூணின் வளைவுக்குப் பொருந்தும். போல்ட்டை இறுக்க, இரண்டும் தூணைக் கவ்வும், பிளாக் நகராது. 16ஐக் குறைத்து 15 ஆக்கிவிடாதீர்கள், போல்ட் துளை தூண் துளைக்குள் உடைந்துவிடும். சாய்வு ஷாஃப்ட்டுக்கும் இதே முறைதான்.

மேசையில் வீல் முகத்துக்கு இணையாக ஒரு பள்ளம் வேண்டும், ஸ்லைடர் ஓட. பிரைட் பாரில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் மில் செய்தால் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் அவிழ்ந்து மேசை வளையும். பள்ளம் வெட்டாமலே, 6 மி.மீ. கனமான இரண்டு பட்டைகளை 16 மி.மீ. இடைவெளி விட்டு மேசைமேல் ஸ்க்ரூ செய்துவிடுங்கள். ஒரு பட்டையின் துளைகளைச் சற்றே பெரிதாக்கினால் ஆட்டம் வரும்போது நெருக்கிக்கொள்ளலாம். ஸ்லைடர் 16க்கு 6 பாரில் ஒரு துண்டு, நீளம் 100க்குக் குறையக் கூடாது. குட்டையான ஸ்லைடர் கோணலாகச் சிக்கும்.

இந்தப் பள்ளம் வீலுக்கு அச்சு அசல் இணையாக இருக்க வேண்டியதில்லை. சாணை முகம் ஸ்லைடர் போகும் திசையில்தான் உருவாகும், கப்பின் எந்த ஓரம் தொடுகிறதோ அது வெட்டும். சொல்லப்போனால், கப் முகத்தின் ஒரு ஓரம் மட்டும் தொடும்படி அரை டிகிரி விலக்கி வைப்பது நல்லது. முழு முகமும் உரசினால் சூடு ஏறும். டூலின் கோணத்தை ஸ்லைடரிலிருந்து அளக்க வேண்டும், வீலிலிருந்து அல்ல.

ஸ்லைடர்மேல் 8 மி.மீ. தகடு, அதில் ஒரு முளையைச் சுற்றித் திரும்பும் ஃபென்ஸ் (டூலோ பிளாக்கோ ஒட்டி நிற்கும் தடுப்புப் பட்டை). கோணத்தைக் கீறலில் பார்த்து இறுக்குவதைவிட ஊசித்துளை வைப்பதே என் கட்சி. முளையிலிருந்து 60 மி.மீ. ஆரத்தில் 6 மி.மீ. ரீமர் போட்ட துளைகள், ஃபென்ஸில் ஒரு துளை, 6 மி.மீ. டவல் பின் செருகினால் நின்றது. 60 மி.மீ. ஆரத்தில் 1 டிகிரி என்பது 1.05 மி.மீ. ஆகவே துளை 0.1 மி.மீ. தப்பினாலும் கோணப் பிழை 0.1 டிகிரிதான். மில்லிங் டயலை வைத்துத் துளையிட, முளையிலிருந்து குறுக்கே, நேரே என்ற வரிசையில் மி.மீ.: வீலுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 31 டிகிரிக்கு 30.90, 51.43, 45 டிகிரிக்கு இரண்டும் 42.43, 60 டிகிரிக்கு 51.96, 30.00. இரண்டு பக்கமும் போடுங்கள். 31 டிகிரி டிரில்லுக்கு, ஏனெனில் 90இல் 31 போனால் மீதி 59, அதாவது 118இல் பாதி. 60 டிகிரி மரை டூலுக்கு, மீதி 30. இரு பக்கமும் திருப்பிப் பிடித்தால் 60 டிகிரி முனை.

டூலை மேசையின் தளத்தில் திருப்புகிறோம், மேசையை வீலுக்கு இணையான அச்சில் சாய்க்கிறோம். இந்த ஏற்பாட்டில் மேல்முகத்தில் தெரியும் 30 டிகிரி, மேசை 5 டிகிரி சாய்ந்தாலும் 15 டிகிரி சாய்ந்தாலும் 30ஆகவே இருக்கும். மேசையைத் தட்டையாக விட்டுவிட்டு டூலை ஆப்பு வைத்துச் சாய்க்கும் ஜிக்குகளில் இது நடக்காது; கிளியரன்ஸை மாற்றினால் முனைக்கோணமும் சேர்ந்து மாறும். மரை டூலில் இன்னொன்று: மரை ஏறும் சாய்வையும் கணக்கில் எடுக்க வேண்டும். எம்10, 1.5 பிட்ச்சுக்கு அது 3 டிகிரி. டூல் முன்னேறும் பக்கத்துக்கு அவ்வளவு கூடுதலாகச் சாய்த்துப் பிடியுங்கள்.

சதுர டூல் பிட்டுக்குத் தனி ஹோல்டர் 10 நிமிட வேலை. 25 மி.மீ. சதுர பார் 60 மி.மீ. நீளம், பக்கவாட்டில் 8.1 மி.மீ. அகலப் பள்ளம், மேலிருந்து இரண்டு எம்5 கிரப் ஸ்க்ரூ. ஸ்க்ரூ முனை எச்எஸ்எஸ்ஸில் வழுக்கும், பித்தளைத் துண்டு ஒன்றை நடுவில் வைத்தால் பிடிக்கும்.

டிரில்லுக்கும் எண்ட் மில்லுக்கும் இஆர் கோலெட் பிளாக் (உருண்டைத் தண்டை நடுவில் இறுக்கிப் பிடிக்கும் கோலெட் உள்ள கட்டை) வாங்கிவிடுங்கள். சதுரமும் அறுகோணமும் இரண்டும் வேண்டும்: சதுரத்தில் 2 பல், 4 பல், அறுகோணத்தில் 2, 3, 6. வீட்டில் செய்யவும் முடியும், ஆனால் துளை பிளாக்கின் நட்ட நடுவில் விழ வேண்டும். வாங்கியதையும் சோதியுங்கள். நேரான கிரவுண்ட் ராடைக் கோலெட்டில் பிடித்து, பிளாக்கைச் சமதளத்தில் படுக்கவைத்து, டயல் இண்டிகேட்டரில் ராடின் உச்சியைப் படியுங்கள். எதிர்ப் பக்கம் புரட்டி மறுபடி படியுங்கள். வித்தியாசத்தில் பாதிதான் மையப் பிழை.

இந்தப் பிழை டிரில்லைத்தான் கடுமையாகக் கடிக்கும். வீல் முகம் டிரில்லின் அச்சுக்கு 59 டிகிரியில் நிற்பதால், மையம் எவ்வளவு விலகியிருக்கிறதோ அதைப்போல 1.2 மடங்கு லிப் உயர வித்தியாசமாக வரும். 0.05 விலகினால் 0.06 மி.மீ. எண்ட் மில்லில் அச்சு வீலுக்கு ஏறக்குறைய செங்குத்து என்பதால் அதே பக்கவாட்டு விலகல் 0.07 மடங்குதான் வரும், கவனிக்கவே வேண்டாம். ஆகவே மலிவான பிளாக் எண்ட் மில்லுக்குப் போதும். டிரில்லுக்கு எது நல்லதோ அதை ஒதுக்கி வையுங்கள்.

டிரில்லில் வளைந்த முதுகு பிடிக்க ஆடும் கை வேண்டும். நாலு முகப் புள்ளிக்கு (ஒரு லிப்புக்கு இரண்டு தட்டை முகம்) அது வேண்டாம், நேர்க்கோட்டு நகர்வே போதும். சுயமாக மையம் பிடிக்கும் என்பது கூடுதல் லாபம். லிப் மேசைக்கு இணையாக, வெட்டுமுகம் மேல்பார்த்து நிற்கும்படி கோலெட்டில் திருப்பிப் பிடியுங்கள். ஒரு பூதக்கண்ணாடியும் சிறிய மட்டப் பட்டையும் இருந்தால் கண்ணாலேயே வைக்கலாம். மேசையை 10 டிகிரிக்குச் சாய்த்து முதல் முகம், பிளாக்கை 180 டிகிரி புரட்டி எதிர் முகம். வெளி விளிம்பில் அளந்தால் இந்த 10 டிகிரி 11.6 ஆக வரும், டிரில்லுக்குச் சரியான அளவு. பிறகு மேசையை 25 டிகிரிக்கு இறக்கி இரண்டாம் முகங்கள். முதல் முகத்தின் பின்விளிம்பு டிரில்லின் மையத்தைத் தொடும்வரை மட்டும். இரண்டு பக்கமும் தொட்டுவிட்டால் நடுவில் ஒரு கூர்முனை தெரியும். அதற்கு மேல் போனால் முதல் முகம் மெலிந்து, லிப் பொடியும். முனையில் இன்னும் சிறு தட்டை தெரிந்தால் இரண்டாம் முகம் மையத்தை எட்டவில்லை என்று பொருள்.

எண்ட் மில்லில் முனைப் பற்களுக்கு முதல் கிளியரன்ஸ் 6, இரண்டாவது 14 டிகிரி. வெளி மூலை உயர்ந்தும் மையம் சற்றுத் தாழ்ந்தும் இருக்க வேண்டும், 2 டிகிரி. அதற்கென்று துளை போட்டால் 0 டிகிரித் துளையோடு மோதும். ஃபென்ஸில் 100 மி.மீ. இடைவெளியில் 3.5 மி.மீ. ஷிம் (இடைத் தகடு) ஒன்றைச் செருகினால் 2 டிகிரி வந்தது. ஸ்லைடருக்கு ஒரு ஸ்டாப்பர் கட்டாயம்: வீல் கட்டரின் மையம்வரை வந்து நிற்க வேண்டும், ஒரு மி.மீ. தாண்டினால் எதிர்ப் பல்லைக் கொத்திவிடும். மையம் வெட்டும் கட்டரில் ஒரு பல் மையத்தைத் தாண்டி நீண்டிருக்கும், அதற்கு மட்டும் ஸ்டாப்பரை மாற்றுங்கள்.

ஃபீட் கொடுக்கத் தனி ஏற்பாடு தேடவேண்டாம். எம்6இன் சாதாரண பிட்ச்சே 1 மி.மீ. பிளாக்கின் பின்முனை முட்டும் ஸ்டாப்பராக எம்6 ஸ்க்ரூவை வைத்து, 30 மி.மீ. தலை கடைந்து 50 கோடு போட்டால் ஒரு கோடு 0.02 மி.மீ. சம்பிரதாயமான தவறு, ஒரு பல்லை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. நடுவில் வீலும் தேய்ந்திருக்கும், கடைசிப் பல் முதல் பல்லைவிட நீளமாக நிற்கும். ஒரு கோடு ஃபீட், எல்லாப் பற்களும் ஒரு சுற்று. அடுத்த கோடு, அடுத்த சுற்று. முடிவில் ஃபீட் கொடுக்காமல் இரண்டு சுற்று, தீப்பொறி அடங்கும்வரை.

சாணை முகம் நீலம் பாய்ந்தால் எச்எஸ்எஸ் பதம் போய்விட்டது என்று அர்த்தமல்ல, அது 550 டிகிரி செல்சியஸ்வரை தாங்கும். கார்பன் ஸ்டீலுக்குத்தான் வைக்கோல் நிறத்திலேயே பதம் இறங்கத் தொடங்கும். சூடான எச்எஸ்எஸ்ஸையும் கார்பைடையும் தண்ணீரில் முக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். நீலம் சொல்வது வேறு: வீல் மெருகேறி வெட்டாமல் தேய்க்கிறது. டிரஸ் செய்யுங்கள், அதாவது வீல் முகத்தைச் சீவிப் புதுப்பியுங்கள்; வைரக் கப்புக்கு அலுமினியம் ஆக்சைடு குச்சி.

மேசைக்கு எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயும் சாணைப் பொடியும் சேர்ந்தால் லேப்பிங் பேஸ்ட் (உலோகத்தைத் தேய்க்கும் பசை), ஸ்லைடர் சில மாதங்களில் லொடலொடவென்று ஆகும். உலர்ந்தபடி விட்டு, பிளாக்கைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் அடியையும் ஃபென்ஸையும் தூரிகையால் துடையுங்கள். 0.05 மி.மீ. துகள் ஒன்று ஃபென்ஸில் ஒட்டியிருந்தால் இதுவரை பார்த்த கவனமெல்லாம் வீண். சாணைப் பொடி பறக்கும் என்பதால் இந்த மேசை லேத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

எண்ட் மில்லின் பக்கவாட்டுப் பற்களை இதில் பிடிக்க முடியாது. 1970களில் இங்கிலாந்தில் பேராசிரியர் சாடக் வடிவமைத்த க்வார்ன் கிரைண்டர் அதையும் செய்யும், ஆனால் அதைக் கட்டி முடிப்பது தனியொரு பெரிய வேலை. எளிய பாதி வழி ஒன்று உண்டு. 20 மி.மீ. கிரவுண்ட் ஷாஃப்ட்டின் முனையில் கோலெட், அது நீளமான வெண்கலப் புஷ்ஷில் ஆட்டமில்லாமல் சுழன்றும் நகர்ந்தும் ஓட வேண்டும். வீலுக்கு எதிரே, மேசையோடு அசையாமல் நிற்கும் ஒரு மெல்லிய விரல் பல்லைத் தாங்கும். பின்னோக்கி இழுக்க இழுக்கக் கட்டர் தன் திருகலைத் தானே பின்பற்றித் திரும்பும். கப் வீலில் விரலின் நுனி, கட்டர் மையத்துக்குக் கீழே ஆரம் பெருக்கல் கோணத்தின் சைன் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்: 12 மி.மீ. கட்டரில் 10 டிகிரிக்கு 1.04 மி.மீ. பிடித்த பிறகு விட்டம் குறைந்திருக்கும். புதிய அளவை ஷாங்கில் (கட்டரின் தண்டில்) எழுதிவிடுங்கள், 11.8 மி.மீ. கட்டர் 12 மி.மீ. தட்டில் கலந்தால் அடுத்த சாவிப் பள்ளம் சாவிக்கு இறங்காது.